அரசாங்க ஏணி

கையெழுத்துதானே டாக்டரம்மா, போட்டுட்டாப் போச்சு. பேனாவக் கையிலயே வச்சிருக்கேன் பாருங்க. மொதல்ல டீயக் குடிங்க, ஆறிடப்போகுது. சர்க்கரை நாலு கரண்டி போட்டிருக்கேன், பத்தலைன்னா சொல்லுங்க. கூட வைக்க முட்டையோ பாலாடைக்கட்டியோ இல்ல, எங்களுக்குக் கிறிஸ்துமஸ் நோன்பு நடக்குது. உங்க ரம்ஜான் நோன்பு மாதிரி இல்லம்மா. நாங்க பகல்லயும் சாப்பிடலாம், சாப்பிடுறதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது. அவரைப்பருப்பும் இந்த ரொட்டியும்தான். நேத்து இஸ்தீர் வெயில்ல வச்சுப் பொங்கவிட்டுச் சுட்டா. புட்டுக்கங்க, சும்மா புட்டுக்கங்க.

இன்னொரு வாட்டி படிங்களேன் உங்க தொல்பொருள் ஆபீஸ் காயிதத்த. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க டிரைவர் ஃபத்ஹி வண்டியிலயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சிருவான். ம்... ம்... வடக்கு அறை, மாதா குழந்தைக்குப் பால் குடுக்குற படம், முகம் இருந்த எடத்துல பூச்சு உப்பரிச்சுத் தானா உதிர்ந்துடுச்சு. சரி. கீழ? காவல்காரன் புக்தோர் பாத்தான். பாத்தான்னா போட்டிருக்கீங்க? சரி சரி. அந்த ஒரு வார்த்தை உண்மைதான், பாத்தேன்.

இல்லம்மா, உப்பு இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? உப்பு இல்லாத செவுரு இந்த நஸ்லத் ஹர்மினாவுலயே கெடையாது. பெரிய அணை கட்டுனதுலருந்து அடியில தண்ணி ஏறிப்போச்சு, எங்க பாத்தாலும் பூக்குது. என் கல்யாணப் போட்டோவையே பாதி தின்னுடுச்சு. என் பாதிய இல்ல, இஸ்தீர் பாதிய. அதனால உப்பு மேல பழியப் போட்டா யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க. போன ஜனவரில போன் போட்டு முகம் உதிர்ந்துடுச்சுன்னு உங்ககிட்டச் சொன்னவனும் நான்தான். நீங்க உடனே உப்பான்னு கேட்டீங்க. நான் ம்னு சொன்னேன். அந்த ம் எவ்வளவு தூரம் போகும்னு எனக்கு அப்பத் தெரியல. இப்ப உங்ககூட ஆராய்ச்சிக்கு வர்ற புரொபசரோட புஸ்தகம் வரைக்கும் போயிருச்சு.

போடுறேன்மா. போட மாட்டேன்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், அத இன்னைக்கே சொல்லணும். நாளைக்கு எம்பொண்ணுக்கு ஞானஸ்நானம். பொறந்து நாளையோட எண்பது நாள். எங்கள்ள பையன்னா நாப்பது, பொண்ணுன்னா எண்பது. அதுக்கு அப்புறம்தான் தாய்க்காரி கோயிலுக்குள்ள கால் வைக்கலாம். ஏன் பொண்ணுக்கு மட்டும் ரெண்டு மடங்குன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. எங்க பாதிரியார் அபூனா மீசாக்கிட்டக் கேட்டா அவர் மோசே காலத்துலருந்து ஆரம்பிப்பார், நம்ம வீடு போய்ச் சேர முடியாது.

நல்ல மனுஷன்தான் அபூனா. ஆனா பிடிவாதம். ஞாயித்துக்கிழமை அவர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், சொல்ல வேண்டியதச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத் தாடியத் தடவிக்கிட்டு, எங்கிட்டச் சொன்னது பாதிதான், யார் பொருளோ அவங்ககிட்டயும் உன் வாயாலயே சொல்லிட்டு வா, அதுவரைக்கும் கோயில்ல உனக்கு நன்மை அப்பம் கெடையாதுன்னுட்டார். நாளைக்கு எம்பொண்ணு தொட்டியில முங்கி எந்திரிச்சு, சிவப்பு நாடா கட்டிக்கிட்டு, மொத மொதல்ல நன்மை வாங்குவா. அவ அம்மா வாங்குவா. மாமியார் ரெண்டு பேருக்கு முன்னாடி இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போய் வாங்குவா. நான் மட்டும் வாசல்ல செருப்புக்குக் காவல் இருக்கணும். காவல் என் தொழில்தான், இருந்தாலும் நாளைக்கு ஒருநாளாவது வேண்டாம்னு பாக்குறேன்.

சொல்றேன்மா, சொல்றேன். அவசரப்படுத்தாதீங்க, வாய்க்குள்ள இருக்கு, வரமாட்டேங்குது.

இந்தச் சொல்லாம இருக்குற வியாதி இந்த மேட்டுக்கே உள்ளது. தெற்கு அறையில உள்ள எழுத்தப் புரொபசர் எனக்குப் படிச்சுக் காட்டுனார். எங்க கிறிஸ்தவ மடத்துக்காரங்க எழுதுனது. பாரோ ராஜாக்கள் காலத்து ஊரு காலியாகிக் கெடந்தப்ப வந்து குடியேறுனாங்களே, அவங்கதான். சாமி இருந்த அறையில அடுப்பு வச்சாங்க, கூரையெல்லாம் கரி. ஒருத்தன் எழுதியிருக்கான், சகோதரன் பிசூரா என் பாய வாங்கிட்டுத் திருப்பித் தரல, ஆண்டவர் பாத்துக்குவார்னு. ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆச்சு, பாய் வந்து சேந்த மாதிரி தெரியல. அதுக்குப் பக்கத்துலயே இன்னொருத்தன், நான் பெரிய பாவி, பேரு சொல்ல மாட்டேன், எனக்காக வேண்டிக்கங்கன்னு எழுதியிருக்கான். அத அபூனாகிட்டச் சொன்னேன். அவன மாதிரி நானும் பேரு போடாம ஒரு செவுத்துல எழுதிடட்டுமான்னு கேட்டேன். அபூனா சிரிக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த மாதா படத்துல கீழ்ப்பாதி ஏன் இல்லைன்னு உங்க காயிதத்துல எழுதியிருக்கீங்களா? பழைய சேதம்னா? அதுவும் சரிதான். சேதம் பண்ணுனது எல்லாம் பொம்பளைங்க. எங்காளுங்க, உங்காளுங்க, ரெண்டும்தான். புள்ளை தங்காதவங்க வந்து பூச்சக் கொஞ்சம் சொரண்டித் தண்ணியில கலக்கிக் குடிப்பாங்க. எங்கப்பா இங்க காவல் இருந்த காலத்துலயே மாதாவோட பாதம் போயிருச்சு, அங்கி போயிருச்சு, முழங்கால் போயிருச்சு. ஒரு பொம்பளை கை எவ்வளவு உயரம் எட்டுமோ அவ்வளவு உயரத்துக்குக் கோடு போட்ட மாதிரி காலி. அதுக்கு மேல மாதா சௌக்கியமா இருந்தாங்க.

நான் வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷம். ஒருத்தியக் கூட உள்ள விட்டதில்லம்மா. எழுதிக்கங்க அத. எங்க சித்தி வந்தா, விடல. ஊர்த்தலைவர் உம்தா வீட்டு மருமக வந்தா, விடல. ரெண்டு வருஷம் முன்னாடி ஆத்துக்கு அக்கரையிலருந்து ஒருத்தி வந்தா. செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வந்தா, தேஞ்சுடும்னு. கைக்குட்டையில ஒரு கரண்டிய முடிஞ்சு வச்சிருந்தா. ஒண்ணும் கெஞ்சல, இதக் காட்டுனாப் போதும்ங்கிற மாதிரி அவிழ்த்துக் காட்டுனா. நான் அந்தக் கரண்டியப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். அரசாங்கச் சொத்து, ஜெயில்ல போட்டுருவாங்கன்னு சொன்னேன். அவ திரும்பி நடந்தா. நம்ம பேரீச்சந்தோப்பு இருக்கே, அதுவரைக்கும் போய் அங்க உக்காந்துட்டா, சாயங்காலம் படகு வர்ற வரைக்கும். நான் இங்கருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் கடமையச் செஞ்சேன்னு ராத்திரி இஸ்தீர்கிட்டச் சொன்னேன். அவ விளக்க அணைச்சுட்டுப் படுத்துட்டா.

இல்லம்மா, நீங்க சர்க்கரை கலக்குனது வேற கரண்டி. பயப்படாதீங்க.

அப்புறம் இந்த ஏணி. நல்லவேளை ஞாபகம் வந்துச்சு, ஏணியவும் சரிபாத்து எழுதணும்ல நீங்க? அதோ, செவுத்துல சாஞ்சிருக்கு. பதினாலாம் நம்பர், வெள்ளைப் பெயிண்ட்ல போட்டிருக்கும். அறையில பல்பு மாட்டுறதுக்குன்னு குடுத்தாங்க, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். ஏணி வந்து ஆறு வருஷம் ஆச்சு. பல்பு இன்னும் வரல. சும்மா வச்சா உளுத்துப்போயிரும்னு ரெண்டு மூணு வாட்டி பேரீச்சம்பழம் பறிக்க எடுத்துருக்கேன், அதையும் எழுதிக்கங்க. இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடுறதுன்னு இருக்கேன்.

பொண்ணு பேரா? ஃபெப்ரோனியா. நான் வச்சதில்ல. ஏழாம் நாளு மெழுகுவத்தி வச்சோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, எது கடைசி வரைக்கும் எரியுதோ அந்தப் பேருதான் குழந்தைக்கு. நான் மாதா பேர, மரியம்னு ஒண்ணு வச்சேன். இஸ்தீர் தமியானான்னு வச்சா. மாமியார் அவங்க அக்கா பேர வச்சாங்க. மாமியாரோடது மட்டும் என் கட்டைவிரல் தண்டிக்கு இருந்துச்சு. எங்க வாங்குனீங்கன்னு கேட்டதுக்கு, மெழுகுவத்தின்னா மெழுகுவத்தின்னுட்டாங்க. அது போகட்டும். மரியம்தான் மொதல்ல அணைஞ்சுது. காத்து கூட அடிக்கல, பட்டுன்னு அணைஞ்சுது. கோவம் இன்னும் போகல போலன்னு நெனச்சேன். யாருக்குக் கோவமா? வர்றேன்மா, அங்கதான் வர்றேன்.

நாளைக்கு நீங்களும் வரலாமே. அபூனா ஒண்ணும் சொல்ல மாட்டார். குழந்தைய ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டுப் போங்க, குண்டு, உங்க கை வலிக்கும். உங்களுக்குக் குழந்தைங்க... சரி, கேக்கல. இல்லம்மா, ஃபத்ஹி ஒண்ணும் சொல்லல. மாசம் ரெண்டு வாட்டி அசியூத்துக்கு வண்டி போகுது, எந்த டாக்டர் வாசல்ல நிக்குதுன்னு மட்டும்தான் சொன்னான். அவனத் திட்டாதீங்க, வண்டியில தனியா உக்காந்தே இருக்குறவனுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். எப்ப வந்தாலும் அந்த வடக்கு அறைக்குள்ள போய்ட்டுத்தான் வெளிய வர்றீங்க. அளவெடுக்க ஒருவாட்டி போனாப் போதாதா?

எட்டு வருஷமா? ம். எங்களுக்குப் பதினொண்ணு.

தங்கவே தங்காதுன்னு இல்லம்மா, தங்கும். மூணு மாசம், நாலு மாசம். நாலு வாட்டி போச்சு. கடைசியா போனது ஆறு மாசத்துப் புள்ளை, விரல் நகமெல்லாம் இருந்துச்சு. நான் பாத்தேன். ஒரு ஷூ டப்பாவுல வச்சுக் கொண்டுபோய்ப் பொதைச்சேன். திரும்பி வரும்போது வழியில உக்காந்து அழுதேன், யாரோ கழுதைமேல போனவன் எறங்கி வந்து தண்ணி குடுத்துட்டுப் போனான். இஸ்தீர் அழலை. அவ அடுப்பு மூட்டுறத நிறுத்திட்டா. பதினெட்டு நாள் மாமியார்தான் சமைச்சாங்க. பத்தொம்பதாம் நாளு என் முன்னால பருப்புத் தட்ட வச்சுட்டு, அந்தப் பொம்பளை நின்னு கேட்டாங்க. ஊருக்கே சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறியே, எம்பொண்ணுக்கு மட்டும் என்னத்தத் தொறந்து குடுத்தன்னு. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்லன்னேன். போ, அங்கயும் போ, வேண்டாம்னு யாரு சொன்னான்னாங்க.

போனோம். ஊசி போட்டாங்க, வாரம் ஒண்ணு. அதையும் சொல்லிடணும்ல. எது கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஊசி போட்ட டாக்டர் ஊசிதான்ங்கிறார். மாமியார் வேற சொல்றாங்க.

போன வருஷம் இதே நோன்பு முடியிறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை. உங்க ஆளுங்களுக்கு லீவு. பட்டப்பகல். ஏணி வெளியில இருந்துச்சு. அந்த அக்கரைக்காரியோட கரண்டி இந்த ஜன்னல் மேட்டுல இருந்துச்சு. அந்த ரெண்டையும் எடுத்துக்கிட்டு வடக்கு அறைக்குப் போனேன். நான்தான்மா சொரண்டினேன். உப்பு இல்ல. நான்தான்.

ம். சொல்லிட்டேன். இவ்வளவுதானா இது.

மிச்சம் இருந்ததெல்லாம் என் கைக்கும் எட்டாத உயரத்துல இருந்துச்சு, அதான் ஏணி. மன்னிச்சிருங்கன்னு மூணுவாட்டி சொல்லிட்டுத்தான் கரண்டிய வச்சேன். மொதல்ல வலது கண்ணு. தாள வச்சுப் பிடிச்சேன், ஒரு துளி கீழ விடல. கொஞ்சம் போதும்னுதான் நெனச்சேன், அது என்னடான்னா பக்கத்துல நெத்தி, கன்னம்னு அப்பளமா எழும்பி வருது. அதுல உப்புக்கும் பங்கு இருக்கு, அந்த அளவுக்கு உங்க காயிதம் சரி. எடது கண்ணத் தனியா இன்னொரு தாள்ல எடுத்தேன். அது தானா விழுந்து வீணாப் போறதுக்கு எடுத்துடலாம்னு. எடுத்து முடிச்சுட்டு நிமிந்து பாக்குறேன், உள்ளருந்து ஒருத்தி என்னையப் பாக்குறா.

நீங்க பாத்துக் கை தட்டுனீங்களே, அதே முகம்தான். புரொபசர் கண்ணுல தண்ணி வந்துச்சு. எனக்கு வேற எடத்துல வந்துச்சு, ஏணியில நின்னுக்கிட்டே. கல்லுல செதுக்குன முகம், தலையில மாட்டுக்கொம்பு, கீழ பூச்சு போன எடத்துல அரைகுறையாத் தெரிஞ்சது அவ மடிதான், அவளும் புள்ளைய வச்சுக்கிட்டு. மடத்துக்காரங்க அதே மடி, அதே புள்ளைன்னு மேல பூசி வரஞ்சிருக்கானுங்க. சோம்பேறிங்களா, கெட்டிக்காரனுங்களான்னு இன்னும் தெரியல. எனக்கு அப்ப வந்த பயம் ஒண்ணே ஒண்ணுதான். எங்கையில தாள்ல இருக்குறது மாதாவோடதா, இல்ல அந்தக் கொம்புக்காரியோடதா? கல்லுல கரண்டி பட்டுச்சா படலையா? சத்தியமாப் படல. படலைன்னுதான் நெனைக்கிறேன். இஸ்தீர்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் குடுத்தேன். அவ டம்ளர உள்ளங்கையில வச்சுக்கிட்டே கேட்டா, யாரா இருந்தா என்ன, ரெண்டு பேருக்கும் மடியில புள்ளை இருக்குல்லன்னு. குடிச்சா. மறுநாள் அடுப்பு மூட்டுனா.

இந்தக் காயிதத்துல இப்ப நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? போடலைன்னா உங்களுக்கும் கஷ்டம்னு தெரியுது. புரொபசர் புஸ்தகத்துல உப்புன்னு அச்சாயிருச்சுன்னு சொல்றீங்க. என் வேலை போகும். போனா பருப்புக்கும் வழி இல்ல, வருஷம் பூரா நோன்புதான். ஜெயில்னாலும் போறேன், நாளைக்கு ஒரு நாள் விட்டுட்டு நாளன்னைக்கு வந்து பிடிச்சா நல்லாருக்கும். பேனா இந்தாங்க. நீங்களே என்ன வேணுமோ எழுதிக்கங்க, எழுதுனதப் படிச்சுக் காட்டுங்க, உண்மையா இருந்தா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன். அபூனா சொல்லிட்டு வான்னுதான் சொன்னார். என்ன நடக்கும்னு அவர் சொல்லல, நானும் கேக்கல.

இன்னொண்ணு. இந்தத் தீப்பெட்டி. குலுக்காதீங்க, குலுக்காதீங்க. தீக்குச்சி இல்ல. எடது கண்ணு. மாத்திரைச் சீட்டுல மடிச்சு உள்ள வச்சிருக்கு, அப்படியே இருக்கு. அடுத்ததுக்குன்னு வச்சிருந்தேன், பையனா இருக்கட்டும்னு. இன்னைக்குக் காலைல இஸ்தீர்தான் அரிசிப்பானையிலருந்து எடுத்து எங்கையில குடுத்தா. டாக்டரம்மா வர்றாங்கல்ல, கொண்டுபோய்க் குடுத்துருங்கன்னா. ஆபீசுக்கா, அவங்களுக்கான்னு கேட்டேன். அவ குழந்தைக்குப் பால் குடுக்கத் திரும்பிக்கிட்டா.

அரசாங்கச் சொத்து, நீங்க எடுத்துட்டுப் போகலாம். பையில போட்டு நம்பர் ஒட்டிக்கங்க. இல்லைன்னா... கெட்டில்ல டீ இன்னும் சூடாத்தான் இருக்கு. நான் போய் அந்த ஏணிய உள்ள வச்சுட்டு வர்றேன். கொஞ்சம் நேரமாகும்மா, பெரிய ஏணி.